சுண்டிக்குளமா, பள்ளிக்கூடத்துக் குளமா?

தைப்பொங்கல் முடிந்து, பட்டம் விட்ட கைகள் ஓய்ந்ததும் யாழ்ப்பாணத்தில் எங்கள் பள்ளிக்கூட ஆசிரியர் அறையில் ஒரு கதை தொடங்கும். "இந்த முறை பிள்ளைகளை எங்க கொண்டுபோறது?" ஒருவர் பின்னவல என்பார். இன்னொருவர் தெகிவளை மிருகக்காட்சிச்சாலை என்பார். இரவு பஸ் ஏறி, விடிய யானை குளிப்பதைப் பார்த்து, கண்டி, நுவரெலியா என்று சுற்றி, பாட்டுப் பாடித் தொண்டை கட்டிப்போய் மூன்றாம் நாள் திரும்புவதுதான் இங்கே கல்விச்சுற்றுலா. அதில் எனக்கு முறைப்பாடு இல்லை. நானும் அப்படிப் போய்த்தான் முதன்முதலில் யானையைக் கண்டேன். ஆனால் சுற்றாடல் கழகத்துக்குப் பொறுப்பாக இருக்கிறவளுக்கு ஒரு அந்தரம் உண்டு. நாங்கள் பின்னவலவுக்கு மூட்டை கட்டுகிற அதே கிழமையில், சைபீரியாப் பக்கமிருந்து வந்த ஊசிவால் வாத்துகள் பொன்னாலைக் கடலில் தலைகீழாய் நின்று மேய்ந்துகொண்டிருக்கும்.

ஆகவே இந்த ஆண்டு தெற்கே போவதில்லை என்று ஒருவாறு சம்மதம் வாங்கிவிட்டேன். பிறகுதான் உண்மையான வாக்குவாதம் தொடங்கியது. சுண்டிக்குளம், நெடுந்தீவு, மணற்காடு, பண்ணை அல்லது பொன்னாலைப் பாலத்தடி, கடைசியாக எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற குளம். இந்த ஐந்துக்கும் பிள்ளைகளோடு நான் போயிருக்கிறேன். ஒன்றிரண்டு இடங்களில் நன்றாக அடிபட்டும் வந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் காலத்தைச் சொல்லவேண்டும், ஏனென்றால் இடத்தைவிட அதுதான் முக்கியம். வலசைப் பறவைகள் ஒக்டோபர் அளவில் வரத் தொடங்கும். மார்ச் முடிய, ஏப்ரல் தொடங்கப் போய்விடும். ஆனால் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை எங்களுக்கு மாரி. வெளி எல்லாம் வெள்ளம், வாடைக்காற்று வேறு. மிஞ்சுவது ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் தொடக்கம் வரைதான். அதற்குள்தான் இல்ல மெய்வல்லுநர் போட்டியும் வரும். எங்கள் அதிபர் சொல்வார், "ரீச்சர், உங்கட கொக்கு நாரையெல்லாம் பங்குனிக்குப் பிறகு வராதோ?" வராது சேர்.

சரி, சுண்டிக்குளம்.

பெயரைக் கேட்டதும் எல்லோருக்கும் ஆசை வருகிற இடம் இதுதான். ஆனையிறவுக்குக் கிழக்கே, கடனீரேரியும் உப்பு வெளியும் பற்றைக்காடுமாகப் பரந்து கிடக்கிறது. 1938இல் பறவைகள் சரணாலயமானது. 2015இல் தேசியப் பூங்காவாகத் தரம் உயர்ந்தது. பரப்பு ஏறத்தாழ 19,500 ஹெக்டேயர். பூநாரைக் கூட்டத்தைக் காண இந்தப் பக்கத்தில் நல்ல இடங்களில் ஒன்று. கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, வகைவகையான வாத்து, அதிட்டமிருந்தால் கரையோரம் வெயில் காயும் முதலை. பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தண்ணீருக்குள் தலைகீழாக வைத்து வடித்துத் தின்பதை ஒரு பிள்ளை ஒருமுறை சரியாகப் பார்த்துவிட்டால் அது மறக்காது. அதன் இளஞ்சிவப்பு நிறமே அது தின்னும் பாசியிலும் சிறு கூனியிலும் இருந்து வருவது என்று சொன்னால், "அப்ப நாங்கள் கரட் தின்டால்?" என்று கட்டாயம் ஒருவன் கேட்பான்.

ஆனால் "சரியாகப் பார்த்துவிட்டால்" என்பதில்தான் எல்லாம் கிடக்கிறது. நான்கு வருடத்துக்கு முன் நாற்பத்தைந்து பிள்ளைகளோடு போனேன். காலை ஐந்து மணிக்கு வரவேண்டிய பஸ் ஏழேகாலுக்கு வந்தது. யாருடைய பஸ் என்பது இப்போது வேண்டாம். வழியில் சாப்பாட்டுக்கு நிறுத்தி, ஒரு பிள்ளை சத்தி எடுத்ததற்கு இன்னொருமுறை நிறுத்தி, நாங்கள் நீரைக் கண்டபோது பதினொரு மணி. கானல் எழும்பிவிட்டது. தூரத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது, அது நெளிந்தது. "அதுதான் பூநாரை," என்றேன். எங்களிடம் இருந்தது இரண்டு தொலைநோக்கி. நாற்பத்தைந்து பேர் வரிசையில் நின்று ஆளுக்குப் பத்து விநாடி பார்த்தார்கள். அதில் பாதிப் பேர் பார்த்தது தங்கள் கண்மடலைத்தான். முக்கால் மணிநேரத்தில் பெடியள் மட்டையையும் பந்தையும் எடுத்துவிட்டார்கள். அடுத்த நாள் எழுதிய கட்டுரைகளில் அதிகம் இடம்பிடித்தது திரும்பும் வழியில் குடித்த ஐஸ்கிறீம் சோடா.

பிழை இடத்தில் இல்லை. பெரிய நீர்ப்பரப்பில் பறவைகள் தூரத்தில்தான் இருக்கும். அவற்றுக்கு எங்களைப் பிடிக்காது. காலை ஏழு மணிக்கு முன் அங்கே நிற்கவேண்டுமானால் யாழ்ப்பாணத்திலிருந்து நாலரைக்குப் புறப்படவேண்டும். அது நாற்பத்தைந்து பேருடன் நடக்கிற காரியமில்லை. வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியை முன்னரே எடுக்கவேண்டும், வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் போகவேண்டும். பெண்பிள்ளைகளுக்கு மலசலகூடம் எங்கே என்பதை முதலே போய்ப் பார்த்து வைக்கவேண்டும். (இதை எந்தச் சுற்றுலாத் திட்டத்திலும் எழுதமாட்டார்கள். ஆனால் எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளை நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்து மயங்குவதற்குக் காரணம் இதுதான்.) அதோடு, ஆனையிறவு, முகமாலைப் பக்கம் கண்ணிவெடிச் சிவப்புப் பலகைகளை எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பக்கம் போனால் பாதையை விட்டுக் கால் இறக்கக் கூடாது என்பதைப் பஸ்ஸுக்குள்ளேயே சொல்லிவிடவேண்டும். பந்து பற்றைக்குள் போனால் போனதுதான்.

என் கருத்து: சுண்டிக்குளம் பெரிய பிள்ளைகளுக்கு உரிய இடம். தரம் ஒன்பது, பத்து, பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம், ஒரு வான், மூன்று பேருக்கு ஒன்றாவது தொலைநோக்கி, அதற்கு முன் குறைந்தது இருபது பறவையாவது பெயர் தெரிந்தவர்கள். அப்படிப் போனால் அந்த இடம் தன்னை முழுதாகக் காட்டும்.

நெடுந்தீவை விரைவாகச் சொல்லி முடிக்கிறேன். குறிகட்டுவானில் படகு ஏறி ஒரு மணிநேரம். குதிரைகள், பெருக்கமரம், கடற்பாறைக் கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள், கோட்டை. பிள்ளைகளுக்குப் படகே பெரிய திருவிழா. அங்குள்ள குதிரைகள் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் கொண்டுவரப்பட்டவற்றின் வழிவந்தவை. பெருக்கமரம் ஆபிரிக்காவுக்கு உரியது. அப்படிப் பார்த்தால் நெடுந்தீவில் பிள்ளைகள் ஆசையாகப் படம் எடுக்கிற இரண்டுமே வந்தேறிகள். வெளியிலிருந்து வந்த உயிர் ஒரு தீவில் எப்படித் தாக்குப்பிடிக்கிறது, கோடையில் குதிரைகள் தண்ணீருக்கு என்ன பாடுபடுகின்றன என்று பேசலாம், நல்ல பாடம்தான். ஆனாலும் நாள் முழுவதும் படகு நேரத்தோடு மல்லுக்கட்டவேண்டும், கடைசிப் படகைத் தவறவிட்டால் கதை கந்தல். ஆனி, ஆடியில் சோளகம் அடிக்கும்போது கடல் பிள்ளைகளுக்கு உரியதல்ல. சரித்திர ஆசிரியர் கேட்டால் நெடுந்தீவை அவரிடம் மனதாரக் கொடுத்துவிடுவேன்.

மணற்காடு வேறு வகை. வடமராட்சி கிழக்கில், மணல்மேடும் சவுக்கங்காடும் கடலுமாக இருக்கும். மணலுக்குள் பாதி புதைந்துபோன பழைய தேவாலயத்தின் சுவர்கள் நிற்கின்றன. பறவை பார்க்க அதைத் தெரிந்தெடுக்கமாட்டேன். ஆனால் ஒரு தாவரம் எப்படி நிலத்தைப் பிடித்து வைக்கிறது என்பதை இவ்வளவு வெளிச்சமாகக் காட்டும் இடம் குடாநாட்டில் எனக்கு வேறு தெரியாது. இராவணன் மீசை என்ற முள்ளுப்புல் மணல்மேட்டின் முதுகில் வரிசைகட்டிப் படரும். அதன் உருண்டைப் பூங்கொத்து காய்ந்து காற்றில் உருண்டு ஓடும். பிள்ளைகள் அதைத் துரத்திக்கொண்டு ஓடுவார்கள், ஓடட்டும். அது எங்கே நிற்கிறதோ அங்கே விதை விழுகிறது என்பதை ஓடி முடிந்தபிறகு சொன்னால் போதும். அடம்பன் கொடியைப் பார்த்ததும் எல்லோரும் ஒரே குரலில் "திரண்டால் மிடுக்கு" என்பார்கள். சிறுவயதிலிருந்து மனப்பாடம் செய்த பழமொழி. ஆனால் அந்தக் கொடியைக் கையில் பிடித்து, கணுவுக்குக் கணு வேர் விட்டிருப்பதைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. நான் ஒரு முறை ஒரு கொடியின் நுனியிலிருந்து தொடங்கி அடிவேர் எங்கே என்று தேடச் சொன்னேன். ஆறு பேர் அரைமணிநேரம் தேடினார்கள். ஒரு கொடி இன்னொன்றுக்குள் புகுந்து, வேர் விட்டு, திரும்பி வந்து, கடைசியில் எது எந்தக் கொடி என்றே சண்டை வந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. மணலைக் கண்டால் பிள்ளைகள் செருப்பைக் கழற்றுவார்கள். எங்கள் கரையோர மணற்பாங்கில் சுருட்டைப் பாம்பு உண்டு. ஆள் சிறிது, நிறமும் மணல் நிறம், அதுதான் ஆபத்து. ஆகவே சப்பாத்துக் கட்டாயம். மணற்காட்டுக் கடலில் இறங்கவும் விடுவதில்லை. கடலுக்குப் போய்க் கடலில் இறங்காமல் வருவது பிள்ளைக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் மணற்காட்டை எப்போதும் இரண்டாம் இடத்தில் வைக்கிறேன்.

இனிப் பாலத்தடி. பண்ணைப் பாலமும் பொன்னாலைப் பாலமும் உண்மையில் கடலைப் பிரித்துப் போட்ட தெருக்கள். இரண்டு பக்கமும் முழங்காலளவுத் தண்ணீர், சேறு, உமரிப் பூண்டு, கண்ணா என்ற அலையாத்தி மரப் பற்றை. சாவகச்சேரிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதே காரியத்துக்குச் சரசாலைக் குருவிக்காடு இருக்கிறது, பெயரே சொல்கிறது. வடமராட்சியாருக்குத் தொண்டைமானாறு. அந்த ஊர்ப் பெயரோடு வெளிக்கள நிலையம் என்று சொன்னால் இப்போது எந்தப் பிள்ளைக்கும் நினைவுக்கு வருவது உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மாதிரி வினாத்தாள்தான். பெயரில் மட்டும் வெளிக்களம் இன்னும் இருக்கிறது. அந்த வினாத்தாளில் பாஸ் பண்ணிய என்னைப்போன்ற எத்தனை பேர் அந்த ஆற்றங்கரையில் பத்து நிமிடம் நின்றிருப்போம்?

பாலத்தடியின் பெரிய வசதி, எல்லாம் கிட்ட இருப்பது. நெடுங்கால் உள்ளான் தெருவிலிருந்து இருபது அடி தூரத்தில் நடக்கும். பஸ்ஸும் மோட்டார் சைக்கிளும் நாள் முழுக்கப் போவதால் பறவைகளுக்கு மனித நடமாட்டம் பழகிவிட்டது. தொலைநோக்கி இல்லாத பிள்ளையும் எதையாவது காணும். ஆலா தலைகுத்தி விழுந்து மீன் பிடிப்பது, நீர்க்காகம் சிறகுவலைக் கம்பில் இருந்து இறக்கையை விரித்துக் காயவைப்பது எல்லாம் வெறுங்கண்ணுக்கே தெரியும். வலைக்காரர் ஒருவர் கரைக்கு வந்தால் இன்னும் நல்லது. அரைமணிநேரத்தில் அவர் சொல்லித்தருவதை என்னால் ஒரு தவணையில் சொல்லித்தர முடியாது. ஒருமுறை ஒரு ஐயா, தண்ணீர் இன்று ஏன் வற்றிக் கிடக்கிறது என்பதைக் காற்றை வைத்தே விளங்கப்படுத்தினார். பிள்ளைகள் குறிப்பெடுத்தார்கள், நானும்தான்.

கண்ணா மரத்தில் ஒரு விளையாட்டு உண்டு. ஒரு இலையைப் பறித்து நுனிநாக்கால் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். உப்பு! வேருக்குள் வந்த உப்பை இலை வழியாக வெளியே தள்ளுகிற மரம் அது; வெயிலில் இலையைச் சாய்த்துப் பிடித்தால் பொடி மினுங்கும். கீழே சேற்றிலிருந்து பென்சில்போல நிமிர்ந்து நிற்பவை மூச்சு விடும் வேர்கள். "மரம் மூக்கை மேல வச்சிருக்கு" என்று ஒரு பிள்ளை எழுதியது. விஞ்ஞானப் புத்தகத்தில் அதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதியதில்லை.

போன வருடம் தரம் ஆறில் ஒருவன் இருந்தான். வகுப்பில் வாய் திறக்கமாட்டான். பாலத்தடியில் எல்லோரும் பறவையைப் பார்க்க, அவன் குந்தியிருந்து சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். போய்ப் பார்த்தேன். ஒரு கை மட்டும் உடம்பளவு பெருத்த சின்ன நண்டுகள், நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றும் அந்தப் பெரிய கையை மேலே தூக்கி, இறக்கி, தூக்கி. "ரீச்சர், எங்களைக் கூப்பிடுது," என்றான். நான் பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவனே, "எல்லாத்துக்கும் பெரிய கை இல்லை ரீச்சர். சிலதுக்கு ரெண்டும் சின்னன்," என்றான். பெரிய கை ஆண் நண்டுக்கு மட்டும்தான் என்பதை அதற்குப் பிறகுதான் சொன்னேன். என் நிழல் விழுந்ததும் அத்தனையும் வளைக்குள் போய்விட்டன. அவன் என்னைக் கோபமாகப் பார்த்தான். பிறகு கொப்பியில் நேரம் எழுதி, எத்தனை நிமிடத்தில் திரும்ப வெளியே வருகின்றன என்று எண்ணத் தொடங்கினான்.

பாலத்தடியின் குறை, வாகனம். தெருவோரத்தில் முப்பது பிள்ளைகளை நிறுத்துவது லேசுப்பட்ட வேலையில்லை. பத்துப் பேருக்கு ஒரு பெரியவர் வேண்டும். தெருவின் ஒரு பக்கத்தை மட்டும் தெரிந்தெடுத்து, மறுபக்கம் கடக்கக் கூடாது என்று சொல்லிவிடவேண்டும். நிழல் கிடையாது. ஆறரைக்கு வந்து ஒன்பதுக்குத் திரும்பிவிடவேண்டும். தொப்பி, தண்ணீர்ப் போத்தல், தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஜீவனி உப்புத்தூள் இரண்டு பக்கற். பிட்டும் சம்பலும் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போய்ச் சாப்பிடலாம். செலவு அரைநாள் பஸ் மட்டும்.

கடைசியாகக் குளம். இதைச் சொன்னதும் ஆசிரியர் அறையில் சிரித்தார்கள். "குளத்தடிக்குப் போறதுக்குப் பெற்றாரிட்ட கையெழுத்தோ?" என்றார் ஒருவர். எங்கள் குளம் பெரிதில்லை. ஒரு பக்கம் கல்லுப்படி, மற்றப் பக்கம் பூவரசு, அப்பால் ஒரு துண்டு வயல், பிறகு பனங்கூடல். அப்படியொரு குளமோ கேணியோ வெளியோ இல்லாத பள்ளிக்கூடம் குடாநாட்டில் அரிது. எதுவும் இல்லாவிட்டாலும் பனை இருக்கும். பனை இருந்தால் உழவாரன் குருவி இருக்கும். அது ஓலையின் அடிப்பக்கத்தில் எச்சிலால் கூட்டை ஒட்டி வாழ்கிறது. அதனால்தான் ஓலை வெட்டுகிற அன்று கூட்டம் கூட்டமாகச் சுற்றிச் சுற்றிக் கத்தும்.

தெற்கிலிருந்து வருகிற பறவை ஆர்வலர்கள் எங்கள் ஊரில் தேடுகிற ஒரு பறவை கரிச்சான். இரட்டை வாலோடு மாட்டு முதுகில் சவாரி போகுமே, அதுதான். இலங்கையில் அது பெரும்பாலும் வடக்கிலும் வடமேற்குக் கரையோரத்திலும்தான் இருக்கிறது. கொழும்புப் பிள்ளை அதைப் பார்க்க இங்கே வரவேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு அது தந்திக்கம்பியில் இருக்கிற ஏதோ ஒரு கறுப்புக் குருவி. இதைச் சொன்ன பிறகு இரண்டு நாள் எல்லோரும் கம்பியைப் பார்த்தே நடந்தார்கள். ஒருவன் வாய்க்காலுக்குள் விழுந்தான்.

குளத்தின் பலம் இதில் இல்லை. அங்கே திரும்பத் திரும்பப் போகலாம். போன வருடம் ஜனவரி நடுவிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் முதற்பாடவேளையில் இருபது நிமிடம் போனோம். கொப்பியில் மூன்றே விடயம்: எத்தனையாவது படியில் தண்ணீர் நிற்கிறது, என்ன பறவை, எத்தனை. முதல் வெள்ளி தண்ணீர் மூன்றாம் படியில் நின்றது. முக்குளிப்பான் நான்கு, ஒன்று மூழ்கினால் எங்கே எழும்பும் என்று பந்தயம் பிடித்தார்கள். கொக்கு ஒன்றுகூட இல்லை. மாசி நடுவில் தண்ணீர் ஏழாம் படிக்கு இறங்கியது. முக்குளிப்பான் ஒன்றுதான் மிச்சம், கரையில் கொக்கு பதினொன்று. பங்குனி முதல் வெள்ளி குளத்தில் நடுவில் மட்டும் தண்ணீர்; முக்குளிப்பான் இல்லை, சேற்றில் உள்ளானும் நெடுங்கால் உள்ளானும், ஓரத்தில் ஒரு சோடி ஆட்காட்டி எங்களைக் கண்டு ஊரைக் கூட்டியது. மூழ்கி மீன் பிடிக்கிற பறவைக்கு ஆழம் வேண்டும், நின்று பிடிக்கிறதற்குக் கால் எட்டவேண்டும், சேற்றைக் குத்துகிறதற்குச் சேறு வேண்டும். இதை நான் கரும்பலகையில் எழுதவேயில்லை. மூன்று கொப்பியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஒரு பிள்ளை, "ரீச்சர், படி இறங்க இறங்கக் கால் நீளுது," என்றாள்.

சுண்டிக்குளத்துக்கு ஒருமுறை போய் இதைக் காணமுடியாது. அங்கே இதே மாற்றம் ஆயிரம் மடங்கு பெரிதாக நடந்துகொண்டிருந்தாலும். அதுவும் குளத்துக்குப் பஸ் வேண்டாம், மழை வந்தால் ஓடிவந்துவிடலாம், மலசலகூடம் பள்ளிக்கூடத்திலேயே இருக்கிறது. குறை இரண்டு. பிள்ளைக்கு அது "போன" மாதிரி இருக்காது. சுற்றுலா என்ற குதூகலம் கிடைக்காது. மற்றது ஆசிரியர். முதல் மூன்று கிழமை நன்றாகப் போகும். பிறகு ஒரு வெள்ளி கூட்டம், ஒரு வெள்ளி விளையாட்டுப் பயிற்சி என்று விட்டுப்போகும். அதற்கு ஒரு சூழ்ச்சி வைத்திருக்கிறேன். பெப்ரவரியில் நான்கு நாட்கள் உலகம் முழுவதும் வீட்டைச் சுற்றியுள்ள பறவைகளை எண்ணுகிற ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது. 1998இல் வட அமெரிக்காவில் தொடங்கியது. பதினைந்து நிமிடம் நின்று எண்ணி இணையத்தில் பதிவு செய்தால் போதும். எங்கள் குளம் உலகப்படத்தில் ஒரு புள்ளியாகத் தெரியும் என்றதும் பிள்ளைகளே எனக்கு வெள்ளிக்கிழமையை நினைவூட்டினார்கள்.

வாக்குவாதம் இரண்டு கூட்டம் நீண்டு, கடைசியில் இப்படி முடிந்தது. தரம் ஆறும் ஏழும் குளத்தடிக்கு வெள்ளி தோறும். மாசிக் கடைசிச் சனி, பொன்னாலைக்கு அரைநாள். குளத்தில் ஆறு கிழமை எண்ணிப் பழகிய கண்ணோடு பாலத்தடிக்குப் போனால் முப்பது பேரும் முப்பது விதமாகக் கத்தமாட்டார்கள் என்பது என் நம்பிக்கை. தரம் எட்டு மணற்காட்டுக்கு, சப்பாத்தோடு. சுண்டிக்குளத்துக்கு ஒன்பது, பத்திலிருந்து பதினான்கு பேர். ஐந்து தொலைநோக்கி சேர்ந்துவிட்டது, ஒன்று வெளிநாட்டிலிருந்து ஒரு பழைய மாணவி அனுப்பியது. நெடுந்தீவு அடுத்த தவணையில், கடலும் சரித்திர ஆசிரியரும் மனம் வைத்தால்.

பின்னவல கேட்டவருக்கு இன்னும் கொஞ்சம் மனவருத்தம்தான். அவரைத்தான் சுண்டிக்குளம் வானில் முன் இருக்கையில் ஏற்றப்போகிறேன். வானைக் காலை நாலரைக்குப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்துவதாக இந்த முறை எழுத்தில் வாங்கி வைத்திருக்கிறேன்.